அஷ்ரபும் எமது ஊர்களும்

அரசியல்வாதிகளைப் பற்றி எழுதுவது எமக்கு உவப்பான காரியமன்று. அவர்கள் உயிரோடிருக்கும்போது எழுதினால் முகத்துதி என்பார்கள். மறைந்த பின் எழுதினால் ஒப்பாரி என்பார்கள். ஆயினும் இந்தக் கட்டுரையை எழுதாமலிருக்க எம்மால் முடியவில்லை. அதற்குக் காரணம் ஓர் இளைஞன் கேட்ட கேள்வி.

சென்ற மாதம் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் மருந்துக்காகக் காத்திருந்தோம். எமக்கு அருகே உட்கார்ந்திருந்த பையனுக்கு இருபது வயதிருக்கும். ஒலுவில் பல்கலைக்கழகத்திலே படிக்கிறான். நாம் முன்னாளில் ஆசிரியராயிருந்ததை அறிந்து மரியாதையோடு பேச்சுக் கொடுத்தான். பெயர்ப்பலகையைப் பார்த்தவாறே, "சேர், ஆஸ்பத்திரியிலயும் இவர்ர பேர், கெம்பசிலயும் இவர்ர படம். எங்கட ஊருக்கு இவர் என்னத்தச் செய்தார்?" என்று கேட்டான். ஏளனம் அதிலில்லை, உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. எம். எச். எம். அஷ்ரப் மறைந்த 2000ஆம் ஆண்டில் அவன் பிறந்திருக்கவே மாட்டான்.

பதில் சொல்ல வாயெடுத்த நாம் தடுமாறிப் போனோம். பல்கலைக்கழகம் என்று சொல்லலாம். துறைமுகம் என்று சொல்லலாம். உத்தியோகங்கள் என்று சொல்லலாம். ஆனால் இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த மனிதர் வந்துவிடுவாரா? அவர் செய்தவற்றைப் பற்றிப் பேசும்போது, அவர் காலத்தில் நாம் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் மறைத்துவிட முடியுமா? மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய பின்னரும் அந்தக் கேள்வி எம்மை விட்டகலவில்லை.

எமது கரையைப் பற்றி அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று வடக்கிலிருந்து தெற்காக எமது ஊர்கள் ஒரே தெருவிலே கோத்த மணிகள் போல் அமைந்திருக்கின்றன. தமிழரின் ஊர், முஸ்லிம்களின் ஊர், மறுபடி தமிழரின் ஊர் என்று மாறி மாறி வரும். மருதமுனை நெசவாளரின் ஊர். எமது வாப்பாவும் குழித்தறியில் உட்கார்ந்தே எம்மைப் படிக்க வைத்தவர். பாவும் ஊடையுமாக ஓடிய இழைகளைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த எமக்கு, இந்த ஊர்களின் அமைப்பும் ஒரு சாரத்தின் கோடுகளைப் போலவே தோன்றியதுண்டு. கிழக்கிலே தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்பார்கள். பிட்டுக் குழலில் எது முதலில், எது பின்னர் என்று எவரும் வழக்காடுவதில்லை.

இந்தக் கரையின் செல்வம் நெல். அந்த நெல்லின் கதை போடியாரின் கதையும் முல்லைக்காரனின் கதையுமாகும். வயல் போடியாருடையது, வியர்வை முல்லைக்காரனுடையது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நீரைக் கொண்டுவந்தது; கூடவே நிலத்தைப் பற்றிய புதிய அச்சங்களையும் கொண்டுவந்தது. மேற்கே சிங்களக் குடியேற்றங்கள் எழுந்தன. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது, அதன் தலைநகர் கரையிலிருந்த ஊர்களில் ஒன்றாக அமையவில்லை. உள்நாட்டு அம்பாறை நகரமாயிற்று. ஒரு காணி உறுதிக்காகவும் ஒரு கையொப்பத்துக்காகவும் எமது மக்கள் பஸ்ஸேறிப் போய், தமக்குத் தெரியாத மொழியிலே விண்ணப்பம் எழுதித் தருவோரைத் தேடி அலைந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

இம்மக்களின் பிரதிநிதிகள் அக்காலத்தில் யாவர்? பெரும்பாலும் நிலமும் குடிப்பெருமையும் உடையவர்கள். 1956இல் தமிழரசுக் கட்சியின் சார்பில் பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் கல்முனையில் எம். சி. அகமதும் வெற்றி பெற்றார்கள். பின்னர் இருவரும் அக்கட்சியை விட்டு அரசாங்கத்தின் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். முஸ்தபா 1960ஆம் ஆண்டளவில் தகநாயக்க அரசாங்கத்தின் நிதியமைச்சராகவும் இருந்தார். வாக்கை ஒரு மேடையில் வாங்கி மறு மேடையில் செலவழிக்கும் இந்த வழக்கம் எமது மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. தொகுதியில் ஒரு பாலம், ஒரு பாடசாலைக் கட்டடம், சில உத்தியோகங்கள் கிடைத்தால் போதும் என்று அவர்களும் திருப்தி கொண்டார்கள்.

1948 ஒக்டோபர் 23இல் சம்மாந்துறையில் பிறந்து, கல்முனையில் வளர்ந்து, சட்டத்தரணியாக வந்த அஷ்ரப் இந்த வழக்கத்துக்கு மாறானவராக எழுந்தார். அவர் அரசியல் மேடையேறியது அரசாங்கக் கட்சிக்காக அன்று. 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணியின் குரலாக நின்று, தமிழர் விடுதலைக் கூட்டணிக்காக அவர் ஊரூராகப் பேசினார். அண்ணன் அமிர்தலிங்கம் ஈழத்தைப் பெற்றுத் தராவிட்டாலும் தம்பி அஷ்ரப் பெற்றுத் தருவான் என்ற பொருளில் அன்று அவர் பேசியதாக இன்றும் எமது பகுதியில் எடுத்துக்கூறுவார்கள்; சிலர் வியப்போடும் சிலர் கேலியோடும் கூறுவார்கள்.

அந்தத் தேர்தற் காலத்தில் நாம் இளம் ஆசிரியர். எம்மோடு ஒரே பாடசாலையிற் கற்பித்த பாண்டிருப்பு நண்பரொருவர் இருந்தார். அவரது சைக்கிளில் ஒருவர் மிதிக்க ஒருவர் பின்னாலிருந்து கூட்டங்களுக்குப் போவோம். இரவு திரும்பும்போது அவர் வீட்டில் அவரது தாயார் பிட்டும் மீன் குழம்பும் எடுத்து வைத்திருப்பார். நாங்கள் இருவரும் மார்க்சியம் படித்தவர்கள். இனத்தின் பேரால் எழும் இயக்கம் எதுவும் முல்லைக்காரனை மறந்துவிடும் என்பது எமது வாதம். ஆயினும் மேடையிலே ஒரு முஸ்லிம் இளைஞர் தமிழரின் உரிமைக்காகப் பேசுவதைக் கேட்டபோது எமது மனம் நெகிழ்ந்தது உண்மை.

கூட்டணியின் சின்னத்தில் நின்ற முஸ்லிம் வேட்பாளர் எவரும் அத்தேர்தலில் வெற்றி பெறவில்லை. கல்முனையில் ஐக்கிய தேசியக் கட்சியின் ஏ. ஆர். மன்சூர் வென்றார். புதிய அரசாங்கம் இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டது. வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தது. எமது வாப்பாவின் தறியும் ஒரு நாள் நின்றது. அந்தத் தறி நின்றதைப் பற்றி எந்தக் கட்சியின் மேடையிலும் நாம் ஒரு பேச்சும் கேட்டதில்லை.

1981இல் காத்தான்குடியிலே ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் தோன்றியது. முதலில் அது ஒரு பிரதேச இயக்கம். 1985 ஏப்ரலில் காரைதீவைச் சுற்றி எழுந்த கலவரம் எமது கரையை இரண்டாக வெட்டியது. வீடுகள் எரிந்தன, அடுத்த ஊருக்குப் போகும் தெரு எல்லைக் கோடாயிற்று. அஷ்ரப் கல்முனையை விட்டுக் கொழும்புக்குக் குடிபெயர்ந்தார். 1986 நவம்பரில் அவர் தலைமையில் காங்கிரஸ் தேசியக் கட்சியாக உருவெடுத்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தாகி, வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டபோது, கிழக்கில் மூன்றிலொரு பங்கினராகிய முஸ்லிம்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. தமிழ்த் தலைவர்களும் கேட்கவில்லை, கொழும்பும் கேட்கவில்லை, டில்லியும் கேட்கவில்லை. அந்த அவமதிப்பே மரச்சின்னத்தின் வேருக்கு நீராயிற்று. 1988 நவம்பரில் வடக்குக் கிழக்கு மாகாண சபையின் 71 ஆசனங்களில் 17ஐக் காங்கிரஸ் கைப்பற்றியது.

அஷ்ரபின் அரசியலில் மிகப் பெரிய காரியம் எது என்று எம்மைக் கேட்டால், கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்ட எதையும் நாம் காட்டமாட்டோம். ஓர் எண்ணைக் காட்டுவோம். 1978ஆம் ஆண்டு அரசியல் யாப்பின்படி, ஒரு மாவட்டத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டரை வீத வாக்குகளைப் பெறாத கட்சிக்கு அங்கே ஆசனம் கிடையாது. அளிக்கப்பட்ட வாக்குகள் எண்ணப்படும். ஆனால் அவை குப்பைக்குப் போகும். சிதறி வாழும் சிறுபான்மையினருக்கு இது பெரிய மதில். 1988 டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தல் நெருங்கியபோது பிரேமதாசாவுக்கு ஒவ்வொரு வாக்கும் தேவைப்பட்டது. அஷ்ரப் பதவியைக் கேட்கவில்லை; அந்த மதிலைத் தாழ்த்தும்படி கேட்டார். பதினைந்தாவது திருத்தம் நிறைவேறியது, பன்னிரண்டரை ஐந்தாகியது. 1989 பெப்ரவரியில் அவரது கட்சி நான்கு ஆசனங்களோடு பாராளுமன்றம் புகுந்தது. அதன்பின் அந்தத் தாழ்ந்த மதிலைத் தாண்டியவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்லர். நாட்டின் சிறிய கட்சிகள் பலவும் அதனாற் பயனடைந்தன.

இதே ஐந்து வீதம் ஜெர்மனியிலும் உண்டு. அங்கே அது சிறு கட்சிகளைத் தடுப்பதற்காக எழுப்பப்பட்ட மதில். ஆயினும் அந்நாட்டின் வட எல்லையிலுள்ள ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலத்தில், டேனிஷ் மொழி பேசும் சிறுபான்மையினரின் கட்சிக்கு 1955ஆம் ஆண்டு முதல் அந்த விதியிலிருந்து விலக்களித்திருக்கிறார்கள். சிறியோரின் குரல் சபையிலே கேட்கவேண்டுமாயின் கணக்கைச் சற்று வளைக்கத்தான் வேண்டும் என்பதை அங்கே பெரியோர் தாமே ஒப்புக்கொண்டார்கள். இங்கேயோ அதை ஒரு கல்முனைச் சட்டத்தரணி பேரம் பேசிப் பெறவேண்டியிருந்தது. அந்தப் பேரத்தைச் சந்தர்ப்பவாதம் என்று அன்று எழுதியவர்களில் நாமும் ஒருவர். இன்று அதை அவ்வாறு சொல்ல எமக்கு நாவெழவில்லை.

இனி, எழுதுவதற்குக் கை கூசும் பகுதிக்கு வருகிறோம்.

1990 ஜூன் மாதம். விடுதலைப் புலிகள் கிழக்கிலே பொலிஸ் நிலையங்களைச் சூழ்ந்து, சரணடைந்த பொலிசாரை நூற்றுக்கணக்கிற் கொன்றார்கள். அவர்களில் கல்முனை நிலையத்தாரும் இருந்தனர். பின்னர் இராணுவம் கல்முனைக்குள் நுழைந்தது. தமிழ் இளைஞர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள், பலர் கொல்லப்பட்டார்கள், பலர் திரும்பி வரவேயில்லை. அப்படிப் பிடித்துச் செல்லப்பட்டவர்களில் எமது நண்பரின் தம்பியும் ஒருவன்.

ஒரு மாலை மங்கும் வேளையில் நண்பரின் தாயார் எமது வீட்டு வாசலுக்கு வந்தார். பாண்டிருப்பிலிருந்து தனியே நடந்து வந்திருந்தார். முற்றத்தில் நின்றபடியே, "மனே, உங்கட ஊருக்குள்ள ஆமிக்காரனோட கதைக்கிற ஆக்கள் இருக்காங்களாம். ஒருக்கா என்னோட வந்து கேட்டுத் தாங்களன் மனே" என்றார். அவரது கையாற் பிட்டுத் தின்ற நாம் என்ன சொன்னோம்? "இருட்டிப் போச்சு அம்மா. நாளைக்கு விடியப் பாப்பம்" என்றோம். ஊரடங்கு நேரம் நெருங்கியது உண்மை. உள்ளே எமது பிள்ளைகள் அழுதது உண்மை. அயலவர்கள் எம்மை என்ன நினைப்பார்களோ என்று அஞ்சியதும் உண்மை. அந்த மூன்றாவது உண்மையே பெரியது. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையாற் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். மறுநாள் விடிந்தது, நாம் போகவில்லை. மூன்றாம் நாள் போனோம். வீடு பூட்டியிருந்தது. குடும்பம் மட்டக்களப்புப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். தம்பி வரவேயில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டு 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். சில நாட்களில் ஏறாவூர். ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும் வீடு வாசலை விட்டுத் துரத்தப்பட்டார்கள். எமது ஊரிலே அச்சமும் ஆத்திரமும் பொங்கின. அந்நாட்களில் பாராளுமன்றத்திலே எமக்காக அழுத்தந்திருத்தமாகப் பேசிய குரல் அஷ்ரபினுடையது. வர்க்க அரசியலே பேசி வந்த நாமும் அடுத்த தேர்தலில் மரத்துக்கே புள்ளடியிட்டோம். அது கொள்கையால் இட்ட புள்ளடி அன்று, அச்சத்தால் இட்டது. ஆனால் அச்சத்தின் நடுவே ஒரு சனத்துக்குத் தலைநிமிர்ந்து நிற்க ஓர் இடம் தேவைப்பட்டது என்பதை இன்றும் மறுக்கமாட்டோம்.

1994இல் அம்பாறை மாவட்ட உள்ளூராட்சித் தேர்தலின்போது, தம் கட்சி தோற்றால் பதவி துறப்பதாகச் சூளுரைத்த அஷ்ரப், ஒரு சபை கைநழுவியதும் சொன்னபடியே பாராளுமன்ற ஆசனத்தைத் துறந்தார். சொன்ன சொல்லுக்காகக் கதிரையை விட்டவரை எமது மக்கள் அதற்கு முன் கண்டதில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் பொதுத்தேர்தல் வந்தது. சந்திரிகாவின் பொதுஜன முன்னணிக்கு 105 ஆசனங்கள். பெரும்பான்மைக்கு 113 வேண்டும். காங்கிரசின் கையில் 7 இருந்தன. ஒரு பிரதேசக் கட்சி அரசாங்கத்தையே தாங்கி நின்றது. அஷ்ரப் கப்பற்றுறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு ஆகியவற்றின் அமைச்சரானார்.

அவர் கட்டியவற்றுள் நிலைத்தது பல்கலைக்கழகம். போரினால் முஸ்லிம் மாணவர்கள் வந்தாறுமூலைக்குப் போய்ப் படிக்க முடியாதிருந்த காலம் அது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. எமது கரையின் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கிற் பட்டம் பெற்றது அதன் பின்னரே. அச்சத்திலே பிறந்த அந்நிறுவனத்தில் இன்று தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் கூடவே படிக்கிறார்கள்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். துறைமுகத்தில் எமது இளைஞர் பலருக்கு உத்தியோகம் கிடைத்தது. வறிய வீடுகளில் அடுப்பெரிந்தது. ஆனால் உத்தியோகத்துக்கான கடிதம் கட்சிக்காரர் கையிலிருந்தது. உரிமையாகக் கிடைக்கவேண்டியது தயவாகக் கிடைத்தது. போடியாரும் மரத்தின் நிழலில் நின்றார். முல்லைக்காரனும் அதே நிழலில் நின்றான். இருவருக்குமிடையே நெல் பங்கிடப்பட்ட விதம் மட்டும் மாறவில்லை. கரைவலை இழுப்பவனின் பங்கு உயரவில்லை. சமூகம் ஒன்று என்ற முழக்கம் சமூகத்துக்குள்ளே இருந்த இரண்டை மூடிவிட்டது.

இவற்றில் சிலவற்றை அவரும் உணர்ந்திருப்பார் போலும். தமது கடைசி ஆண்டுகளில் தேசிய ஐக்கிய முன்னணி என்ற புதிய அமைப்பைத் தொடங்கி, எல்லா இனத்தாரையும் அழைத்தார். 1999இல் தம்மைக் கண்டித்து வந்த சோம தேரரோடு தொலைக்காட்சியிலே நேருக்கு நேராக அமர்ந்து, சிங்கள மொழியிலே விவாதித்தார். அதே ஆண்டில் 'நான் எனும் நீ' என்ற அவரது கவிதைத் தொகுதி வெளியாயிற்று. அத்தலைப்பை நாம் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். 1977இல் தமிழரோடு சேர்ந்து தொடங்கியவர், பின்னர் தம் சமூகத்துக்கென்று தனி வீடு கட்டியவர், மூன்றாம் முறை வாசற்கதவைத் திறக்க முயன்றார். அந்த முயற்சி எங்கே போய் முடிந்திருக்கும் என்பதைக் காண எமக்கு வாய்ப்பில்லாமற் போயிற்று. 2000 செப்டெம்பர் 16, சனிக்கிழமை, கொழும்பிலிருந்து அம்பாறைக்குப் புறப்பட்ட ஹெலிகொப்டர் அரநாயக்க மலைப்பகுதியில் விழுந்து நொறுங்கியது. அவரும் உடன் சென்றோரும் மாண்டனர். அவருக்கு அப்போது 52 வயதும் நிரம்பவில்லை. கல்முனைக் கடைத்தெருவில் எவரும் சொல்லாமலே கதவுகள் மூடப்பட்டன. சைக்கிளை உருட்டிக்கொண்டு அழுது சென்ற ஒரு மீன்காரரை நாம் மறக்கமாட்டோம்.

அதன்பின் நடந்தவை சுருங்கச் சொல்லத்தக்கவை. கட்சி உடைந்தது, உடைந்த துண்டுகளும் உடைந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி, எமது மாவட்டத்திலே பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு போயிற்று. அந்த அலை குடியையும் இனத்தையும் விசாரிக்கவில்லை. வீடிழந்தோருக்காக நுரைச்சோலையில் சவூதி உதவியோடு கட்டிய 500 வீடுகள் இனவழக்கிலே சிக்கி, வெகு காலம் ஆளற்றுக் கிடந்தன. அஷ்ரப் கனவு கண்ட ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது, அதன் வாயை மணல் மூடியது, கப்பல் வரவில்லை, கடல் கரையை அரித்து, தென்னந்தோப்புகளையும் மீனவரின் வாடிகளையும் தின்றது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைப் பற்றித் தமிழரும் முஸ்லிம்களும் வழக்காடுகிறார்கள். சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேண்டுமென்று முஸ்லிம் ஊரே முஸ்லிம் ஊரோடு பிணங்கியது. பெரிய வேலியை நியாயப்படுத்திய அதே வாதம் சிறிய வேலிகளையும் நியாயப்படுத்திற்று.

போர் முடிந்த பின் எமது நண்பர் பாண்டிருப்புக்குத் திரும்பி வந்தார். செய்தியறிந்தும் நாம் உடனே போகவில்லை. தெருவிலே எதிர்ப்பட்டபோது அவரே சைக்கிளை நிறுத்தி, எமது கையைப் பிடித்துக்கொண்டார். தாயார் மட்டக்களப்பிலே காலமாகிவிட்டிருந்தார். "அம்மா கடைசி மட்டும் உங்களக் குறை சொல்லல்ல மச்சான். 'அந்தப் பிள்ளைக்கும் பயந்தானே' எண்டுதான் சொன்னவ" என்றார். எம்மை அவர் ஏசியிருந்தால் எமக்கு அது இலகுவாயிருந்திருக்கும்.

எமக்கு ஒரு தலைவர் இருந்தார். எமது அச்சத்தை அவரிடம் ஒப்படைத்தோம், எமது உரிமையை ஒப்படைத்தோம், அது தவறன்று. அத்தோடு எமது மனிதத்தன்மையையும் ஒப்படைத்துவிட்டு, இனித் தமிழரோடு பேசவேண்டியது அவருடைய வேலை என்று வீட்டுக்குள் இருந்துகொண்டோம், அதுவே தவறு. சட்டத்திருத்தத்தை ஒரு தலைவர் பெற்றுத் தரலாம். பல்கலைக்கழகத்தைக் கட்டித் தரலாம். பொழுதுபடும் வேளையில் வாசலுக்கு வந்து நிற்கும் ஒரு தாயோடு எமக்குப் பதிலாக நடந்துபோக எந்தத் தலைவராலும் இயலாது.

அந்த மாணவனின் கேள்விக்கு எமது பதில் இதுதான். அவர் எமது சனத்துக்கு ஒரு குரலைத் தந்தார், தம்பி. அக்குரலை அடுத்த ஊருக்குக் கேட்கும்படி பேசவேண்டியவர்கள் நாம், நாம் பேசவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவனையும் அழைத்துக்கொண்டு பாண்டிருப்புக்குப் போவதாக இருக்கிறோம். நண்பரிடம் சொல்லியாயிற்று. தூரம் அதிகமில்லை, அடுத்த ஊர்தான்.